ஒற்றைக் காதில் கேட்டது

மார்ச் 4

அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு வருடமாக நீ என் போனை எடுக்கவில்லை. இப்போது எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை. எனக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது.

பதறாதே. தலைக்குள் கட்டி கிட்டி எதுவும் இல்லை. நரம்புக் கோளாறு. பாதி பிறவியிலேயே இருந்தது, மீதியை டிரம்ஸ் முடித்து வைத்தது என்கிறார் டாக்டர். போனில் யார் பேசினாலும் எனக்குத் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருக்கிறது. உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கலாம்தான். அதில் நீ ஒரு வரியில் திட்டிவிட்டுப் போய்விடுவாய். கடிதம் என்றால் ஒரு பக்கமாவது திட்டுவாய்.

கூட ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். எங்கள் புது ஆல்பம், இன்னும் வெளிவரவில்லை, வேறு யாருக்கும் கொடுக்காதே. ஆறு பாட்டு. ப்ராக்ரெசிவ் மெட்டல் என்றால் நீ முகத்தைச் சுளிப்பாய். உனக்குப் பிடிக்காத அதே சத்தம், இன்னும் கொஞ்சம் நீளமாக என்று வைத்துக்கொள்.

விஷயம் இதுதான். முதல் ஐந்து பாட்டையும் காது ஓரளவு இருக்கும்போதே வாசித்து முடித்துவிட்டேன். ஆறாவதை வாசித்தபோது எனக்கு ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து வாசித்தேன். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டில் என் வாசிப்பை எடுத்துவிட்டு வேறு ஆளை வைத்து வாசிக்கச் சொல்லலாமா என்று ஒரு பேச்சு இருக்கிறது. முடிவை என்னிடமே விட்டிருக்கிறார்கள். "சூப்பரா இருக்குடா, நீ கவலைப்படாதே" என்று கிடார் வாசிக்கிற நெட்டை சொல்கிறான். சொல்லும்போது அவன் முகம் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவன் முகமாக இருக்கிறது. நான் எப்படி நம்புவது?

எனக்குத் தெரிந்து, என் மனம் நோகுமே என்று ஒரு பொய்கூடச் சொல்லாத ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். கேட்டுவிட்டு உள்ளதைச் சொல். நன்றாக இல்லை என்றால் கௌரவமாக விலகிக்கொள்கிறேன். இதற்கு மேல் இன்னொரு ஆல்பம் நான் வாசிக்கப்போவதில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உறைக்குள் போட்டு அனுப்புகிற சேதியாடா இது? படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா வந்து என்ன ஏது என்று கேட்டு, கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அடுப்பில் வைத்தது தீய்ந்து புகை வந்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தோம். எந்த டாக்டர்? வேறு ஒருவரைப் பார்த்தாயா? மெஷின் வைத்தால் கேட்குமாமா? ஒன்றையும் எழுதாமல் பாட்டைக் கேள் பாட்டைக் கேள் என்றால் என்ன அர்த்தம்?

சரி, நீயே வாயைக் கொடுத்ததால் என் பாட்டையும் கேள். இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் கச்சேரியில் பாட்டு நின்றது. நின்றால் முடிந்தது என்றுதானே அர்த்தம்? தம்பி இவ்வளவு பாடுபட்டு வாசித்தானே என்று நான் எழுந்து நின்று கைதட்டினேன். அரங்கமே கப்சிப். நீ மைக்கில் சிரித்தாய். "அது எங்க அக்கா. பாட்டு இன்னும் பாதி இருக்குக்கா, உக்காரு." கூட்டம் முழுக்கச் சிரித்தது. பாட்டுக்கு நடுவே இப்படி நின்றுவிட்டுப் புறப்படுகிறவர்கள் முன்கூட்டியே ஒரு அறிவிப்பு வைத்திருக்க வேண்டாமா? அன்று வெளியே வந்தவள்தான், இன்று வரை எனக்குக் காது சுடுகிறது. காது என்று எழுதியது தப்பு. அடித்துத் திருத்த மனமில்லை, இருக்கட்டும்.

பாட்டைக் கேட்டேன். லேபில் வேலை செய்துகொண்டே கேட்டேன். எனக்கு இருக்கிற ஒரே தனி நேரம் அதுதான். உனக்குத் தெரியுமே, பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்க்கு மெழுகில் பல் அடுக்கிக் கொடுக்கிற வேலை. கண்ணும் கையும்தான் வேண்டும், காது சும்மாதான் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக்கொள்ள விடுவார்கள். ஆனால் ஒரு பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், முதலாளி கூப்பிட்டாலோ பாலிஷ் மோட்டார் சத்தம் மாறினாலோ தெரிய வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

முதல் நாள் முதல் பாட்டிலேயே ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன். உங்கள் பாடகனுக்குத் தொண்டையில் என்ன, முள் சிக்கிக்கொண்டதா? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். ஒரு தாளத்தில் காலை ஊன்றுவதற்குள் அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள். சின்ன வயதில் நான் பரீட்சைக்குப் படித்தபோது பக்கத்து அறையில் பென்சிலால் டிபன் டப்பாவை அடித்து உயிரை வாங்குவாயே, அதையே இப்போது மின்சாரம் போட்டுச் செய்கிறாய் என்றுதான் தோன்றியது.

இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் இன்னும் கேட்கிறேன். ஒரு தடவை கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்ல இது பலகாரமில்லை என்று உன் மாமா சொல்கிறார்.

காது விவரத்தை உடனே எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

ஒரு பக்கம் எதிர்பார்த்தேன், மூன்று பக்கம் திட்டியிருக்கிறாய். நெட்டையிடம் காட்டினேன். "வெந்நீரில் உப்பு" என்ற இடத்தைப் பாடகனுக்குப் படித்துக் காட்டிவிட்டான்.

காது விவரம்: இரண்டு டாக்டர் பார்த்தாகிவிட்டது. முதலில் உச்ச ஸ்தாயிச் சத்தங்கள் போயின. சிம்பலை அடித்தால் தட்டு ஆடுவது தெரிகிறது, சத்தம் இல்லை. பிறகு பேச்சு. இப்போது எஞ்சியிருப்பது ரொம்ப அடித்தளத்தில் வருகிற அதிர்வுகள் மட்டும், அதுவும் காதில் இல்லை, பாதத்தில். செருப்பில்லாமல்தான் வாசிக்கிறேன். மெஷின் வைத்திருக்கிறேன், எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறேன். அதில் பாட்டு கேட்டால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போல இருக்கிறது. நீ எப்போதும் எங்கள் பாட்டைப் பற்றிச் சொன்னதுதான் இது. கடைசியில் உன் காது எனக்கு வந்துவிட்டது!

எப்படிக் கேட்பது என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். தாளத்தை எண்ணாதே. பல்லவி எப்போது திரும்பி வரும் என்று காத்திருக்காதே, சிலதில் வரவே வராது. ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை வரிசை மாற்றாமல் கேள். நாங்கள் அதை ஒரே நீள வேலையாகத்தான் செய்தோம். புரியாத இடத்தில் நிற்காமல் தாண்டிப் போ, மறுநாள் அதே இடம் தானாக வழிவிடும்.

கச்சேரி விஷயம். நீ கைதட்டியபோது எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. என் அக்கா வந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் சொல்ல வேண்டும் போல இருந்தது. அது உனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று மேடையில் தோன்றவில்லை.

ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். ஆறாவது பாட்டு, அக்கா.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

சொன்னபடி வரிசை மாற்றாமல் கேட்டேன். தினமும் கேட்டேன். இப்போது சொல்கிறேன், குறுக்கே பேசாதே.

மூன்றாவது பாட்டைத் தூக்கிப் போடு. சகிக்கவில்லை. ஆளாளுக்கு "என்னைப் பார், என்னைப் பார்" என்று விரலை ஓட்டிக் காட்டுகிறீர்கள். அதில் பாட்டு எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி எனக்குக் கழுத்து வலிக்கிறது. நீயும்தான். அவ்வளவு வேகம் யாருக்காக?

இரண்டாவதில் அந்த முள் தொண்டைக்காரன் உறுமிக்கொண்டே வந்து திடீரென்று சாதாரணக் குரலில் பாடுகிறானே, அங்கே எனக்கு அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. திட்டிக்கொண்டே வந்தவன் வாசலில் நின்று அழுதால் என்ன செய்வோம்? உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்போம். வெந்நீர் விஷயத்தை அவனிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

நான்காவது, அந்தப் பதினெட்டு நிமிஷப் பாட்டு. முதலில் அதைக் கேட்டு நொந்துபோனேன். இப்போது அதற்காகத்தான் சீக்கிரம் லேபுக்குப் போகிறேன். தொடக்கத்தில் ஒரு சின்ன மெட்டு வந்து காணாமல் போகிறது. அதற்குப் பிறகு என்னென்னவோ ஆர்ப்பாட்டம். கடைசியில் அதே மெட்டு திரும்பி வருகிறது, ஆனால் அது பழைய ஆள் இல்லை. கூடப் படித்த பெண்ணை இருபது வருஷம் கழித்துப் பஸ்ஸில் பார்த்தது போல இருந்தது. நீயா, நீயேதானா என்று கேட்கத் தோன்றியது. கண் கலங்கி மெழுகில் சொட்டிவிட்டது. மெழுகுக்கு ஒன்றும் ஆகாது.

உனக்கு நன்றி சொல்லி எழுத வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு மணி நேரம் முழுசாக எனக்கென்று ஒன்றைச் செய்ததாக ஞாபகம் இல்லை. சீரியல் பார்த்தால் அதற்கு நடுவே துணி மடிப்பேன். உன் ஆல்பத்தைக் கேட்கும்போது வேறு எதையும் நினைக்க முடியவில்லை, நினைத்தால் வழி தவறிவிடுகிறது. வேலை ஓடுகிறது, மனம் மட்டும் எங்கேயோ பெரிய இடத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிறது. இப்படி ஒன்றைச் செய்கிறவனாடா நீ? இத்தனை நாள் எனக்கு ஏன் தெரியாமல் போனது?

ஆறாவதுக்கு வருகிறேன். அதன் தாளம் ஒரு மாதிரி நொண்டி நொண்டி வருகிறது, மூன்றும் நாலுமாக. ஆனால் எனக்கு அதை மட்டும் பழக வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே கை அதற்குள் போய்விட்டது. எங்கேயோ கேட்டது போல இருக்கிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

நடுவில் எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சுரம் அடியில் முனகிக்கொண்டு நிற்கிறது, அதன் மேல் நீ மட்டும் தனியாக வாசிக்கிறாய். வேகம் இல்லை, வித்தை இல்லை. ஆள் இல்லாத வீட்டில் ஒருவன் நடமாடுகிற சத்தம்தான். ஒரு இடத்தில் நிறுத்துகிறாய். அப்புறம் ஒரே ஒரு அடி, கொஞ்சம் பிந்தி. அதுதான் உன் பயம் என்றால் கேள். நான் முன்பல் ஆறையும் நூல் பிடித்தாற்போல அடுக்கினால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். பார்த்ததுமே பொய்ப் பல் என்று தெரிந்துவிடும். அதனால் ஒரு பல்லை இம்மி திருப்பி வைப்பேன். அப்போதுதான் அந்த வாய்க்கு உயிர் வரும். அந்தப் பிந்திய அடி அப்படி இருக்கிறது. அதை யாரும் தொடக் கூடாது.

மூன்றாவது பாட்டைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு இதை நம்பு.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

நீ எழுதிய இடமே ஆல்பத்தில் கிடையாது.

ஆறாவது பாட்டின் நடுவில் நான் தனியாக வாசிக்கவில்லை. அங்கே நெட்டையின் கிடார் இருக்கிறது. அவன் வாழ்க்கையிலேயே வாசித்த நீளமான தனி ஆவர்த்தனம் அது. நான் அதற்குக் கீழே சும்மா பாய் விரித்தது போலத் தட்டிக்கொண்டிருப்பேன். அது யாருக்கும் கேட்கக் கூடாது. கேட்காது என்ற தைரியத்தில்தான் வாசித்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் சண்டை போட்டேன். "எனக்குத் தெரியாம கிடாரைத் தூக்கிட்டீங்களா? செவிடன்னு பாவம் பாத்து எனக்கு ஒரு தனி இடம் போட்டுக் குடுத்தீங்களா?" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை, பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை என்று சத்தியம் செய்கிறான். கம்ப்யூட்டரில் கிடார் கோடு ஏறி இறங்குவதைத் திரையில் காட்டினான். இருக்கத்தான் இருக்கிறது.

அப்படியானால் ஒன்றுதான் மிச்சம். நீ கேட்கவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையோ எழுதியிருக்கிறாய். பல் கதை அழகாகத்தான் இருந்தது. ஆனால் நீயும் பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாயே அக்கா.

பத்தாம் தேதி வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். கேட்டதற்கு நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன், கோபத்தில் இல்லை.

தம்பி


ஏப்ரல் 5

டேய்,

இந்தக் கடிதத்தை அவசரத் தபாலில் அனுப்புகிறேன். பத்தாம் தேதிக்கு முன்னால் வாயைத் திறந்தாயோ, அங்கேயே வந்து நாலு போடுவேன்.

பொய் சொன்னேனாம். உன் மனம் நோகுமே என்று நான் பொய் சொல்லியிருந்தால் மூன்றாவது பாட்டுக்கு ஏன் அந்தக் கதி? படித்ததும் வந்த ஆத்திரத்தில் பென் டிரைவை வீட்டுக்குக் கொண்டுவந்து உன் மாமா தலையில் ஹெட்போனை மாட்டினேன். "இந்த இடத்தைக் கேளுங்க. என் தம்பி தனியா வாசிக்கிறானா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "எங்க தனியா வாசிக்கிறான்? யாரோ ஒருத்தன் கிடாரைப் போட்டுக் கிழிக்கிறானே" என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. பிடுங்கி நான் போட்டுக்கொண்டேன். பழக்கத்தில் இடது பக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளினேன். நீ தனியாக இருந்தாய். "ரெண்டு காதுலயும் வைம்மா" என்று மாமா அதை இழுத்து வைத்தார். கிடார் வந்துவிட்டது.

ஒரு மாதமாக உன் ஆல்பத்தில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்! வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று என்று பிரித்துப் பதிவார்களாமே, நெட்டை இடது காதில் மட்டும் வாசிக்கிறான் போல. லேபில் அந்தக் காது முதலாளிக்கும் மோட்டாருக்கும் சொந்தம் என்று நான் எழுதினேனா இல்லையா? நீயும் படித்தாய். காது கேட்கிற நெட்டையும் படித்தான், அவனுக்கும் பிடிபடவில்லையே என்று மாமா சிரிக்கிறார். நானும் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

அன்றிரவே முழு ஆல்பத்தையும் இரண்டு காதிலும் கேட்டேன். நான்காவது இன்னும் பெரிதாகிவிட்டது. மூன்றாவது இரண்டு மடங்கு மோசம். ஆறாவதில் நெட்டை நன்றாகத்தான் வாசிக்கிறான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொள்ளலாம். நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை. நீ வாசித்தது இருக்கிறது, நான் கேட்டேன். அதை நீ ஒளித்து வைத்தாய், அவன் தெரியாமல் மூடினான், நான் தெரியாமல் திறந்தேன். அவ்வளவுதான் நடந்தது.

நெட்டையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவனை இடது காதைப் பொத்திக்கொண்டு கேட்கச் சொல். என் மேல் அவனுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

மாத முடிவில் லீவு சொல்லியிருக்கிறேன். நானும் மாமாவும் உன்னைப் பார்க்க வருகிறோம்.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

கடிதம் எட்டாம் தேதியே வந்துவிட்டது. நெட்டையிடம் கொடுத்தேன். "வாயை மூடிக்கொள்ளலாம்" என்ற வரியில் அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாட்டுப் பதிகிற கண்ணாடி அறைக்குள் போனான். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு தடவை கேட்டான், மறுபடி கேட்டான். அப்புறம் மற்றவர்களையும் கூப்பிட்டு, வரிசையாக எல்லோரையும் இடது காதைப் பொத்தச் சொன்னான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்காது, முகங்கள்தான். இந்தத் தடவை ஒரு முகத்திலும் பழப்பை இல்லை. பாடகன் அழுதுவிட்டான். அவன் எதற்கும் அழுவான், அதைக் கணக்கில் சேர்க்காதே.

நெட்டை வெளியே வந்து, எனக்குப் புரிகிற மாதிரி எதிரில் நின்று நிதானமாகச் சொன்னான். "என் கிடாரை அங்கேருந்து எடுக்கிறேன். பாவம் பாத்து இல்லடா. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு, ஆனா எடுத்தாகணும்." அவன் பொறாமைப்பட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பத்தாம் தேதி முடிவு சொன்னேன். என் வாசிப்பு அப்படியே இருக்கிறது. மூன்றாவது பாட்டை எடுத்துவிட்டோம். அதுவும் உன் கைங்கரியம். ஆல்பம் இப்போது ஐந்து பாட்டு.

நெட்டை ஒன்று கேட்டான். காதும் கேட்காமல், தாளம் சொல்கிற மெஷினும் கேட்காமல், அந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு வாசித்தாய் என்று. அவனிடம் சும்மா தோன்றியது என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டும்.

மற்ற இடங்களில் பேஸ் கிடாரின் அடி பாதத்தில் தெரிந்தது, அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் பேஸ் ஒரே சுரத்தில் நின்றுவிடுகிறது. தரை முழுக்க ஒரே நடுக்கம், அதில் எண்ணிக்கை இல்லை. நான் நடுக்காட்டில் நின்றேன். அப்போது நீ பக்கத்து அறையிலிருந்து கத்துவாயே, அதை மனதுக்குள் ஓடவிட்டேன். "தட்டாதே, தட்டாதேடா!" மூன்றும் நாலும், முதல் சொல்லில் மூன்று அடி, அடுத்ததில் நாலு. உன் கை முதல் நாளே உள்ளே போனது என்று எழுதியிருந்தாயே, போகாமல் எப்படி இருக்கும்? அந்தப் பாட்டு முழுக்க உன் தாளம்தான். அதை நான் கொண்டுபோன அன்று எங்கே பிடித்தாய் என்று எல்லோரும் கேட்டார்கள். சொல்ல வெட்கமாக இருந்தது.

நீ இரண்டு தடவை கத்திவிட்டு மூச்சு வாங்குவாய். நான் பென்சிலை நிறுத்திவிட்டு, நீ எழுந்து வருகிறாயா என்று நாற்காலி சத்தத்துக்குக் காத்திருப்பேன். வரவில்லை என்றால் டப்பாவில் இன்னும் ஒரே ஒரு தட்டு. அந்தப் பிந்திய அடி அதுதான். அது தப்பா சரியா என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அங்கே நீ எழுந்து வரவில்லை, அதனால் அடித்தேன்.

உன் குரல் எனக்கு இனிமேல் காதில் கேட்காது, அக்கா. ஆனால் வழி தெரியாமல் நின்றபோது கூட வந்தது அதுதான். இத்தனை வருஷம் திட்டியதற்கு நன்றி.

மாத முடிவில் வரும்போது என்னிடம் கத்திப் பேசித் தொண்டையை வீணாக்காதே. முதுகில் கையை வைத்துத் தட்டி, ஒரே ஒரு தடவை திட்டு. அது எனக்குக் கேட்கும்.

தம்பி